முதுமைக்கு மருந்தில்லை, மனச்சோர்வுக்கு உண்டு





சென்ற ஆண்டு ஒரு பௌர்ணமி இரவு. கிரிவலக் கூட்டத்தால் எங்கள் திருவண்ணாமலையின் சாலைகள் நிறைந்திருந்தன. இஷா தொழுகையை முடித்து மதரஸாவைப் பூட்டிக்கொண்டிருந்தபோது, என் மாணவர் ஒருவரின் தந்தை தயங்கியபடி வந்து நின்றார்.

"ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்க வேண்டும். அம்மாவுக்குக் கரண்ட் வைக்க வேண்டும் என்று வேலூரில் டாக்டர் சொல்லிவிட்டார். மார்க்கத்தில் இது கூடுமா?"

அந்தத் தாயாருக்கு வயது 71. தெருவிலுள்ள பெண்பிள்ளைகளுக்கு ஆண்டுக்கணக்கில் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுத்தவர். கணவர் வஃபாத்தாகி, இத்தா முடிந்து, பேத்தியின் நிக்காஹ்வையும் முன்நின்று நடத்தியவர், அதன்பிறகு மெல்ல மெல்ல ஒடுங்கிப்போனார். இரண்டு மாதங்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை. இரவு இரண்டு மணிக்கே விழித்துக்கொண்டு, தம் வாழ்நாள் தொழுகைகளில் ஒன்றுகூட ஏற்கப்படவில்லை என்றும், வாங்காத கடனை யாரோ கேட்டு வரப்போகிறார்கள் என்றும் அழுகிறார். முதலில் கொடுத்த மாத்திரையால் இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்துவிட்டது. மாற்றிக் கொடுத்ததில் தலைசுற்றிக் கீழே விழுந்தார். இப்போது தண்ணீரும் வேண்டாம் என்கிறார்.

வீட்டிலோ ஆளுக்கொரு கருத்து. துபாயிலிருக்கும் தம்பி, "அம்மாவுக்கு ஷாக் கொடுப்பதா?" என்று தொலைபேசியில் அழுகிறார். அக்கா, ஏர்வாடிக்குக் கூட்டிப் போகலாம் என்கிறார். வயதானால் இப்படித்தான், விட்டுவிடுங்கள் என்கிறார்கள் உறவினர்கள்.

நான் மருத்துவன் அல்லன். மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவன். ஆயினும் அவருக்கு உடனே பதில் சொல்ல முடியாமல் போனதற்கு அது மட்டும் காரணமில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே போன்றதொரு கேள்விக்கு நான் சொன்ன பதில் நினைவுக்கு வந்தது.

அவர் எங்கள் பள்ளிவாசலில் முதல் ஸஃப்பில் நிற்கும் பெரியவர். கடையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தபின் பேச்சைக் குறைத்தார். பிறகு பள்ளிக்கு வருவதை நிறுத்தினார். பிறகு உணவை மறுத்தார். குடும்பத்தார் என்னிடம் வந்தபோது, ஸப்ர் செய்யுங்கள், திக்ரை அதிகப்படுத்துங்கள், ஓதிய தண்ணீரைக் கொடுங்கள் என்றேன். மருத்துவரிடம் போங்கள் என்ற ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை. அவர்களாகவே மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றபோது, பட்டினியால் உடல் மிகவும் நலிந்துவிட்டிருந்தது. சில நாட்களில் அவர் மௌத்தானார். ஆயுள் அல்லாஹ்வின் கையில் உள்ளது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், தெரியாத ஒன்றைத் தெரிந்தவன்போல் சொன்னதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டும் என்பதிலும் ஐயமில்லை. அந்தப் பாரம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைக்கிறது.

ஈமான் குறைவா, நோயா?

ஒவ்வொரு நோய்க்கும் அல்லாஹ் மருந்தை வைத்திருக்கிறான், எனவே மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை நாம் அனைவரும் அறிவோம். அபூதாவூதில் பதிவாகியுள்ள அந்த அறிவிப்பில் ஒரே ஒரு விலக்கு சொல்லப்படுகிறது: முதுமை. நம் வீடுகளில் பலர் இந்த விலக்கைத் தவறான இடத்தில் பொருத்திவிடுகிறார்கள். தாய் சாப்பிடவில்லையா, வயதாகிவிட்டது. தந்தை தூங்கவில்லையா, வயதாகிவிட்டது. பெரியவர் எப்போதும் அழுகிறாரா, வயதாகிவிட்டது. நரையும் தளர்ச்சியும் முதுமை. வாழவே வேண்டாம் என்று தோன்றுவது முதுமையின் இலக்கணம் அன்று. அது மனச்சோர்வு என்னும் நோய். முதுமைக்கான விலக்கு அதற்குப் பொருந்தாது.

ஈமான் பலவீனமானதால் வந்தது என்று சொல்வோரும் உண்டு. மகனைப் பிரிந்த துயரத்தில் யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப்போயின என்று குர்ஆன் கூறுகிறது. ஒரு நபியின் துயரத்தை அல்லாஹ் பழித்துரைக்கவில்லை. அந்தத் தாயாரின் துயரத்தைப் பழிக்க நாம் யார்?

நம் முன்னோர் இந்த வேறுபாட்டை நன்றாகவே அறிந்திருந்தார்கள். கி.பி. 934-இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடல்நலத்தையும் மனநலத்தையும் இணைத்து 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்ற நூலை எழுதினார். காரணம் தெரிந்த துக்கம் ஒன்று, காரணம் தெரியாமல் உடலிலிருந்தே எழும் துக்கம் மற்றொன்று என அவர் பிரித்தார். முன்னதற்கு ஆறுதலும் நல்லுரையும் வேண்டும். பின்னதற்கு உடலுக்கான மருத்துவம் வேண்டும் என்பது அவர் கருத்து. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு முஸ்லிம் அறிஞர் எழுதி வைத்ததை நான் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அறியாமல் இருந்தேன்.

அச்சம் எங்கிருந்து வந்தது?

கரண்ட் வைத்தல் என்றதும் நம் கண்முன் வருவது சினிமாக் காட்சி: நான்கு பேர் பிடித்துக்கொள்ள, கட்டிலில் கட்டிவைக்கப்பட்ட ஒருவர் துடிக்கிறார். இது முழுக் கற்பனை என்று சொல்லிவிட முடியாது. 1938-ஆம் ஆண்டு இத்தாலியின் ரோம் நகரில் செர்லெட்டி, பினி என்ற இரு மருத்துவர்கள் இச்சிகிச்சையைத் தொடங்கியபோது மயக்க மருந்து கொடுக்கவில்லை. வலிப்பின் வேகத்தில் சிலருக்கு எலும்பு முறிந்தது. மயக்கம் கொடுக்காத இந்த முறை நம் நாட்டில் நெடுங்காலம் நீடித்தது. தண்டனையைப்போல் இது பயன்படுத்தப்பட்ட இடங்களும் உலகில் உண்டு. எனவே அஞ்சுகிறவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்குவது நியாயமாகாது.

அந்தத் தாயாரின் மகள் ஏர்வாடியைச் சொன்னார் என்றேன் அல்லவா? ஏர்வாடி என்ற பெயரைக் கேட்டதும் நம் சமுதாயம் நினைவுகூர வேண்டிய நாள் ஒன்றுண்டு. 2001 ஆகஸ்ட் 6. தர்காவைச் சுற்றி நடத்தப்பட்ட தனியார் காப்பகங்களில் ஒன்றின் ஓலைக் கொட்டகையில் அதிகாலையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்த மனநோயாளிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் எல்லா மதத்தாரும் இருந்தார்கள். அன்போடுதான் பலரைக் குடும்பத்தார் அங்கே கொண்டுபோய் விட்டிருப்பார்கள். துஆவின் பரக்கத்தால் குணமாகும் என்று நம்பியிருப்பார்கள். மருத்துவம் அவர்களை எட்டவில்லை, சங்கிலி எட்டியது.

இதை ஒரு சமுதாயத்தின் குறையாகப் பார்ப்பதும் பிழை. திருச்சி அருகே குணசீலம் கோயிலிலும் மனநோயாளிகளோடு குடும்பங்கள் தங்குகின்றன. எங்கள் ஊர்க் கிரிவலப் பாதையில், யாரோ கொண்டுவந்து விட்டுச்சென்றவர்கள் தமக்குத்தாமே பேசியபடி அமர்ந்திருப்பதை நாங்கள் அன்றாடம் பார்க்கிறோம்.

ஏர்வாடித் தீ நாட்டையே உலுக்கியது. உச்சநீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. மயக்கம் கொடுக்காமல் மின்சிகிச்சை அளிப்பதைத் தடைசெய்யக் கோரி ஸார்த்தக் என்ற தொண்டு நிறுவனம் அதே ஆண்டு அதே நீதிமன்றத்தை அணுகியது. இறுதியில் வந்த 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தன் 95-ஆம் பிரிவில் இரண்டையும் சேர்த்தே தடைசெய்கிறது: நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பது குற்றம், தசைத் தளர்வு மருந்தும் மயக்க மருந்தும் இல்லாமல் மின்சிகிச்சை அளிப்பதும் குற்றம். அவசர சிகிச்சை என்ற பெயரில் திடீரென மின்சிகிச்சை அளிக்கவும் அச்சட்டம் இடம் தரவில்லை. நோயாளியிடம் விளக்கிச் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். நாம் சினிமாவில் பார்த்து அஞ்சும் அந்தச் சிகிச்சை இன்று சட்டப்படி நடக்கக் கூடாத ஒன்று.

இன்று என்ன செய்கிறார்கள்?

அந்த மகனோடு நானும் வேலூருக்குப் பேருந்தில் சென்று மருத்துவரிடம் கேட்டறிந்ததை எழுதுகிறேன்.

சிகிச்சைக்கு முன் இதயப் படம், இரத்தப் பரிசோதனை முதலியவற்றை எடுத்து, மயக்க மருத்துவர் தனியாகப் பரிசோதிக்கிறார். முந்தைய இரவிலிருந்து வெறும் வயிறு. பல்செட் இருந்தால் கழற்றிவிட வேண்டும். நரம்பு வழியாக மயக்க மருந்து செலுத்தியதும் நோயாளி உறங்கிவிடுகிறார். பிறகு தசைகளைத் தளர்த்தும் மருந்து. ஆக்சிஜன் கொடுத்து, பற்களுக்கிடையே மென்மையான காப்பு வைத்து, நெற்றிப் பொட்டின் வழியாகச் சில விநாடிகள் மட்டும் அளந்த மின்சாரம் செலுத்தப்படுகிறது. மூளையில் ஒரு வலிப்பு உண்டாகி, பெரும்பாலும் ஒரு நிமிடத்திற்குள் அடங்கிவிடுகிறது. தசைகள் தளர்ந்திருப்பதால் உடல் துள்ளுவதில்லை. கால்விரல் இலேசாக அசைவதே தெரியும். சில நிமிடங்களில் கண் விழிக்கிறார்கள். வாரத்திற்கு இரண்டு அல்லது மூன்று முறை, மொத்தம் 6 முதல் 12 முறை என்பது வழக்கம்.

எல்லா மனச்சோர்வுக்கும் இது தேவையில்லை. பெரும்பாலோருக்கு ஆலோசனையும் மாத்திரையுமே போதும். உணவையும் நீரையும் மறுப்பவர்கள், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வலுத்தவர்கள், இல்லாத குற்றத்தைச் செய்ததாக நம்பித் தவிப்பவர்கள், அசைவற்று உறைந்துபோனவர்கள், மருந்துகள் பலிக்காதவர்கள் அல்லது அவற்றைத் தாங்க முடியாதவர்கள் ஆகியோருக்கே இது பரிந்துரைக்கப்படுகிறது. மாத்திரை பலன் தரப் பல வாரங்கள் ஆகும். தண்ணீர் குடிக்காத 71 வயதுத் தாயாருக்கு அத்தனை வாரங்கள் இல்லை.

முதியவர்கள் தாங்குவார்களா?

எல்லாரும் கேட்கும் கேள்வி இதுதான். விடை நாம் எதிர்பார்ப்பதற்கு மாறாக இருக்கிறது. இச்சிகிச்சையால் அதிகம் பயனடைவோரில் முதியவர்களும் அடங்குவர். அமெரிக்காவில் 60 வயதைக் கடந்த 240 பேரிடம் நடத்தப்பட்டு 2016-இல் வெளியான ஆய்வில், மாத்திரையோடு சேர்த்து இச்சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ 62 விழுக்காட்டினர் நோயின் அறிகுறிகள் நீங்கும் நிலையை அடைந்தார்கள். உயிராபத்தைப் பொறுத்தவரை, பல நாடுகளின் பதிவுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான ஆய்வு, ஒரு லட்சம் முறை சிகிச்சை அளிக்கப்பட்டால் சுமார் 2 மரணங்கள் என்று கணக்கிட்டது.

ஆனால் ஆபத்தே இல்லை என்று சொல்வது பொய்யாகும். சிகிச்சையின்போது இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் சட்டென உயர்கின்றன. அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், மூளையில் கட்டியோ இரத்தக்குழாய் வீக்கமோ உள்ளவர்கள், இதயம் பலவீனமானவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். உண்ணும் மருந்துகள் அனைத்தையும், நாட்டு மருந்து உட்பட, மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இதன் உண்மையான விலை நினைவாற்றல். விழித்தெழுந்ததும் சிறிது நேரம் குழப்பமும் தலைவலியும் இருக்கும். சிகிச்சை நடக்கும் வாரங்களின் நிகழ்ச்சிகளும் அதற்கு முந்தைய சில மாதங்களின் நிகழ்ச்சிகளும் மறந்துபோகலாம். புதியவற்றை நினைவில் நிறுத்தும் திறன் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் திரும்பிவிடுகிறது. மறந்துபோன பழைய நிகழ்ச்சிகளில் சில சிலருக்குத் திரும்புவதே இல்லை. வலப்பக்கம் மட்டும் மின்சாரம் செலுத்தும் முறையில் இந்த இழப்பு குறைவு. அறிவு மழுங்கும் நோய் வந்துவிடுமோ என்ற அச்சத்திற்கு ஓர் ஆறுதல் உண்டு: டென்மார்க்கில் சுமார் 1,68,000 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வு, இச்சிகிச்சை பெற்றவர்களுக்கு டிமென்ஷியா வரும் ஆபத்து கூடவில்லை என்று கண்டது. கடும் மனச்சோர்வே முதியவர்களை மறதிக்காரர்களைப்போல் காட்டிவிடும். சோர்வு நீங்கும்போது அந்த மறதியும் நீங்குவதுண்டு.

இச்சிகிச்சையை எதிர்க்கும் ஆய்வாளர்களும் உலகில் இருக்கிறார்கள். போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டுப் பார்த்த பழைய ஆய்வுகள் சிறியவை, குறைபாடுள்ளவை என்பது அவர்கள் வாதம். அந்த எச்சரிக்கையையும் நாம் செவிமடுக்க வேண்டும். எனினும், உணவின்றி ஒடுங்கிக்கொண்டிருக்கும் முதியவர் விஷயத்தில், ஒன்றும் செய்யாமலிருப்பதையும் ஒரு முடிவாகவே எண்ண வேண்டும். அந்த முடிவின் ஆபத்தை நான் என் கண்ணால் கண்டேன்.

கேட்க வேண்டியவை

மருத்துவரிடம் கூச்சமின்றிக் கேளுங்கள். மயக்க மருத்துவர் உடனிருப்பாரா? இதயப் பரிசோதனை முடிந்ததா? ஒரு பக்கமா, இரு பக்கமா? எத்தனை முறை? ஒவ்வொரு முறைக்குப் பிறகும் நினைவாற்றலைச் சோதிப்பீர்களா? முடிந்தபின் என்ன மருந்து? இந்தக் கடைசிக் கேள்வி மிக முக்கியமானது. சிகிச்சை முடிந்தபின் மருந்து தொடராதவர்களில் 84 விழுக்காட்டினருக்கு ஆறு மாதங்களுக்குள் நோய் திரும்பியது என்று 2001-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. இரண்டு மருந்துகளைச் சேர்த்து உட்கொண்டவர்களில் அது 39 விழுக்காடாகக் குறைந்தது. அம்மா சிரித்துவிட்டார், இனி மாத்திரை எதற்கு என்று நிறுத்திவிடாதீர்கள்.

முடிந்தவரை நோயாளியிடமே பேசுங்கள். அவருக்குத் தெரியாமல், வேறெதற்கோ என்று சொல்லி அழைத்துச் செல்லாதீர்கள். பெற்றோரை நோக்கிச் 'சீ' என்றுகூடச் சொல்லாதீர்கள் என்று கட்டளையிட்ட மார்க்கம், அவர்களை ஏமாற்ற எப்படி அனுமதிக்கும்? பெண்ணாக இருந்தால் பெண் செவிலியர் உடனிருக்கவும், தலைத்துணி அகற்றப்படும் நேரம் குறைவாக இருக்கவும் முன்கூட்டியே கேளுங்கள். விரல்நுனியில் அடர்ந்த மருதாணி இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவியை விரலில்தான் மாட்டுகிறார்கள்.

அந்த மகன் கேட்ட மஸ்அலாவுக்கு வருகிறேன். தேர்ந்த மருத்துவர் அவசியம் என்று சொல்லும் சிகிச்சையை, நன்மை தீமையை அறிந்து ஒப்புதலோடு செய்துகொள்வதற்கு மார்க்கத்தில் தடை எதையும் நான் காணவில்லை. மயக்கத்தால் உளூ முறிந்துவிடும். தெளிந்தபின் மீண்டும் செய்துகொள்ள வேண்டும். மனம் தெளிவற்றிருக்கும் நேரத்தில் கடமையின் பேனா உயர்த்தப்பட்டிருக்கிறது. தவறிய தொழுகை குறித்தும், ரமளானில் விடுபடும் நோன்பு குறித்தும் தத்தம் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஓதிப் பார்ப்பதையும் துஆவையும் யாரும் விட வேண்டியதில்லை. பின்னாளில் ஏர்வாடி தர்காவிலேயே 'தவா–துஆ' என்ற பெயரில் மருந்தும் பிரார்த்தனையும் கைகோக்கும் திட்டத்தை அரசு கொண்டுவந்தது. அந்த இரண்டு சொற்களும் சேர்ந்திருப்பதுதான் நம் வழி.

அந்தத் தாயார்

அவருக்கு எட்டு முறை சிகிச்சை நடந்தது. நான்காம் முறை முடிந்த மறுநாள், தாமாகவே தேநீர் கேட்டார் என்று மகன் தொலைபேசியில் சொன்னபோது அவர் குரல் உடைந்தது. எட்டு முடிந்தபோது உண்டார், உறங்கினார். கடன்காரர் பற்றிய பேச்சே இல்லை.

இழப்பும் இருந்தது. யாஸீன் சூரா ஓதும்போது நடுவில் தடுமாறினார். பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தவர், தம் பேத்தியின் அருகில் அமர்ந்து மீண்டும் பாடம் பார்த்தார். சில வாரங்களில் சூரா திரும்பியது. பேத்தியின் நிக்காஹ் மட்டும் திரும்பவில்லை. புகைப்படத்தில் தாம் நிற்பதைப் பார்க்கிறார். நின்றது நினைவில் இல்லை. அதைச் சொல்லும்போது இன்றும் அவர் கண் கலங்குகிறது. அந்த விலையை நான் சிறிதாக்கிச் சொல்ல மாட்டேன். ஆனால் சென்ற வாரம் அவர் வீட்டைக் கடந்தபோது, திண்ணையில் இரண்டு சிறுமிகள் அலிஃப், பே ஓதிக்கொண்டிருந்தார்கள். தவறாக உச்சரித்தவளைத் திருத்தும் குரல் உள்ளிருந்து கேட்டது.

இமாம்களுக்கும் ஜமாஅத் பொறுப்பாளர்களுக்கும் என் தாழ்மையான வேண்டுகோள்: நம்மிடம்தான் குடும்பங்கள் முதலில் வருகின்றன. ஓதிக்கொடுத்து அனுப்பும்போது, மருத்துவரையும் பாருங்கள் என்ற ஒரு வார்த்தையைச் சேர்த்துச் சொல்லுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளில் இருக்கிறார்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் அந்த எண்ணை எழுதிவைக்க ஒரு சாக்பீஸ் போதும்.

யா அல்லாஹ்! எங்கள் வீடுகளில் மௌனமாக வாடும் முதியோருக்கு ஷிஃபாவை வழங்குவாயாக. அறியாமல் நாங்கள் சொன்ன பதில்களை மன்னிப்பாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.